நிழற்படத்தில் ஒளியும் நிழலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் சங்கத்தின் மேடையில் தமிழறிந்த பெரியோர் பேசியிருக்கின்றனர், இசைவாணர் பாடியிருக்கின்றனர். பத்தாம் வகுப்போடு பள்ளியைவிட்டு வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதிவரும் ஒரு குமாஸ்தா இங்கே நிற்பதற்குக் காரணம் செயலாளர் அவர்களின் அன்புக் கட்டளையே ஆகும். ஆண்டு மலருக்காக உறுப்பினர்கள் அனுப்பும் நிழற்படங்களை வாங்கித் தொகுத்துக் கொடுக்கும் பணியைச் சில ஆண்டுகளாக நான் செய்துவருகிறேன். அப்படங்களைப் பார்க்கும்போது மனத்தில் எழுந்த எண்ணங்களை உங்கள் முன்பு வைக்க வேண்டும் என்று அவர் பணித்தார். மறுக்க இயலவில்லை.

நாம் வாழும் புனே நகரம் படக்கலைக்குப் புதிதன்று. 1933-இல் பிரபாத் படக் கம்பெனி கோலாப்பூரிலிருந்து இங்கே குடிபெயர்ந்தது. அதே ஸ்டூடியோ வளாகத்தில் 1960-இல் திரைப்படக் கல்லூரி தோன்றியது. 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இவ்வூரிலேயே நிறுவப்பட்டது. ஒளியை ஆள்வது எப்படி என்று நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் வந்து கற்கும் ஊரில் நாம் குடியிருக்கிறோம். இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு காமிரா இருக்கிறது. படத்தைத் திருத்தும் மென்பொருளும் அதனுள்ளேயே இருக்கிறது. ஆகையால் ஒளியை ஆளும் பொறுப்பு கல்லூரி மாணவர்க்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் வந்துவிட்டது.

நம்மில் பலருக்கும் ஒரு மனக்குறை உண்டு. கோயில் மண்டபத்தின் உட்புறம் நின்று வாயில் வழியே வெளியே நோக்குகிறோம். நம் கண்ணுக்கு அருகிலுள்ள தூணின் சிற்பமும் தெரிகிறது. வெளியே வெயிலில் மின்னும் கோபுரமும் தெரிகிறது. படம் எடுத்தால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கிறது. கோபுரம் சரியாக விழுந்தால் தூண் கரிக்கட்டை ஆகிவிடுகிறது. தூண் சரியாக விழுந்தால் கோபுரம் வெள்ளைத் துணியாக வெளுத்துவிடுகிறது. இது காமிராவின் குற்றமா? அன்று. அளவின் குற்றம்.

வெளிச்சத்தை லக்ஸ் என்னும் அலகால் அளப்பார்கள். நடுப்பகல் நேர்வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நம் அலுவலக மேசையின்மீது விழும் விளக்கொளி சில நூறு லக்ஸ். இருண்ட மண்டபத்தின் மூலையிலோ சில லக்ஸ்தான் இருக்கும். அதாவது வெயிலுக்கும் மூலைக்கும் பதினாயிரம் மடங்கு வேற்றுமை. இவ்வேற்றுமையைப் படக்கலைஞர் ஸ்டாப் என்னும் படிகளால் எண்ணுவர். ஒரு படி ஏறினால் ஒளி இரு மடங்காகும். பதினாயிரம் மடங்கு என்பது 13 படிகளுக்குச் சற்று அதிகம். இன்றைய நல்ல காமிராக்கள் 14 படி வரையிலும் வாங்கிக்கொள்ளக் கூடும். சிறிய கைப்பேசிக் காமிரா ஒரே சொடுக்கில் அவ்வளவு வாங்காது. அப்படியே வாங்கினாலும், அச்சிட்ட தாளில் மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள வேற்றுமை சுமார் நூறு மடங்குதான். பத்துப் பெட்டிச் சரக்கை ஒரு பெட்டியில் ஏற்றச் சொன்னால் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று யாரேனும் ஒருவர் தீர்மானிக்கத்தானே வேண்டும்? அந்தத் தீர்மானத்தைப் பற்றியதே என் பேச்சு.

இச்சிக்கலுக்குக் கண்ட வழிதான் எச்.டி.ஆர். என்று வழங்கும் முறை. உயர் ஒளிவீச்சுப் படம் என்று நாம் தமிழில் சொல்லலாம். ஒரே காட்சியை மூன்று முறை எடுக்க வேண்டும். ஒன்று நடுத்தரமாக, ஒன்று ஒளி குறைவாக, ஒன்று ஒளி மிகுதியாக. லென்ஸின் திறப்பை மாற்றாமல், ஷட்டரின் வேகத்தை மட்டும் நொடியில் 250-இல் ஒரு பங்கு, 60-இல் ஒரு பங்கு, 15-இல் ஒரு பங்கு என்று மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு படி வேற்றுமை வரும். ஒளி குறைந்த படத்தில் வானமும் கோபுரமும் இருக்கும். மிகுந்த படத்தில் தூணும் மூலையும் இருக்கும். மென்பொருள் இம்மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர்த்துத் தருகிறது.

எண்ணம் மிகப் பழையது. பிரான்சு நாட்டில் குஸ்தாவ் லெ கிரே என்பார் 1850-களில் கடற்காட்சிகளை எடுக்கையில், கடலுக்கு ஒரு நெகடிவும் வானத்துக்கு வேறொரு நெகடிவும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். நம் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி சென்னை அரசாங்கத்தின் படக்கலைஞராக 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய ஊர்களைப் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒட்டி ஒரே படமாக்கினார். அக்காலத்து நெகடிவ்கள் நீல நிறத்தை மிகுதியாக வாங்கிக்கொள்ளும். ஆகவே வானம் எப்போதும் வெறுமையாக வெளுத்துவிடும். 1855-இல் பர்மாவில் எடுத்த படங்களின் நெகடிவ்களில் டிரைப் தம் கையால் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். ஆக, படத்தைத் திருத்துவது கணினி கண்டுபிடித்த புதுமை என்று எவரும் எண்ண வேண்டா. படக்கலை பிறந்து இருபதாண்டு ஆகுமுன்பே திருத்தமும் பிறந்துவிட்டது.

கணினி யுகத்தில் இதற்கு வழி வகுத்த கட்டுரை 1997-இல் வெளிவந்தது. கலிபோர்னியாவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக் என்னும் இருவர் அதை எழுதினர். மாலிக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற இந்தியர் என்பதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. அவர்கள் எடுத்துக்கொண்ட காட்சி எது தெரியுமா? ஒரு தேவாலயத்தின் உட்புறம். வண்ணக் கண்ணாடிச் சாளரத்துக்குப் பின்னே கதிரவன், உள்ளே இருள். 30 நொடியிலிருந்து ஒரு நொடியில் 1,000-இல் ஒரு பங்கு வரையில் 16 படங்களை எடுத்து, அவற்றிலிருந்து காட்சியின் உண்மையான ஒளியளவைக் கணக்கிட்டனர். 2010-இல் ஐபோனில் இவ்வசதி வந்தது. பின்னர் பெரும்பாலான கைப்பேசிகளில், நாம் கேளாமலேயே இம்முறை நடைபெறத் தொடங்கிவிட்டது. நாம் ஒருமுறை பொத்தானைத் தொடுகிறோம். அது உள்ளே பல படங்களை எடுத்து, சேர்த்து, திருத்தி, ஒன்றாக்கிக் கையில் தருகிறது.

தேவாலயம் என்றதும் நமக்கு அருகிலுள்ள கார்லா குகை நினைவுக்கு வருகிறது. சென்ற குளிர்காலத்தில் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில லோனாவாலா லோக்கலில் ஏறி மளவ்லி நிலையத்தில் இறங்கி அங்கே சென்று வந்தன. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் மலையைக் குடைந்து செய்த பௌத்தச் சைத்தியம் அது. இந்தியாவின் குடைவரைச் சைத்தியங்களில் மிகப் பெரியது. நடுக்கூடத்தின் இருபுறமும் பதினைந்து பதினைந்து தூண்கள். கூரையில் அக்காலத்து மர விலாக்கள் இன்னும் இருக்கின்றன. குதிரை இலாட வடிவிலான பெரிய சாளரத்தின் வழியே ஒளி நுழைந்து, கூடத்தின் கோடியிலுள்ள தூபியின்மேல் விழுகிறது. தூண்களுக்குப் பின்னாலுள்ள நடையோ இருளில் ஆழ்ந்து கிடக்கிறது. அந்தச் சிற்பிகளுக்கு மின்விளக்கு இல்லை. ஒளி எங்கே விழ வேண்டும், எங்கே விழலாகாது என்பதை அவர்கள் கல்லிலேயே தீர்மானித்துவிட்டார்கள்.

அன்றைய பயணத்தின் படங்கள் மலருக்காக என்னிடம் வந்தன. ஒரே கூடம், ஒரே நேரம். ஆனால் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. ஒன்றில் சாளரம் வெள்ளைப் பொத்தலாக இருந்தது. மற்றொன்றில், 'பளிச்' என்று காட்டும் ஒரு முன்னமைப்பைத் தொட்டிருந்தார்கள். மூலை முடுக்கெல்லாம் ஒரே வெளிச்சம். மர விலாக்கள் ஆரஞ்சுப் பழ நிறம். தூண்களைச் சுற்றி வெள்ளைக் கோடு. டியூப் லைட் போட்ட கல்யாண மண்டபத்தைப் போலிருந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது; குகை மட்டும் காணவில்லை. மூன்றாவது படம் பள்ளியில் பயிலும் ஒரு பெண் எடுத்தது. அதில் தூபியின்மேல் ஒளி; தூண்களின் விளிம்பில் அதன் மிச்சம்; பின்னே இருள். அக்கூடத்தில் நின்றபோது எனக்கு உண்டான அமைதி அந்தப் படத்தில் இருந்தது. "என்ன செய்தாய் அம்மா?" என்று கேட்டேன். "எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன் மாமா" என்றாள். இந்த மறுமொழியில் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இனி, குறைப்பதும் கூட்டுவதும் எவற்றை என்று காண்போம். பல படங்களைச் சேர்த்தபின் கிடைக்கும் பெரிய ஒளிவீச்சைத் திரைக்கும் தாளுக்கும் ஏற்றவாறு சுருக்கும் வேலைக்கு டோன் மேப்பிங் என்று பெயர். மென்பொருளின் பக்கவாட்டில் ஸ்லைடர் எனப்படும் நகர்த்துக் கட்டைகள் வரிசையாக இருக்கும். பெயர்கள் மென்பொருளுக்கு மென்பொருள் சிறிது மாறினாலும் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றே.

முதலாவது, வலிமை. திருத்தம் எவ்வளவு தூரம் செல்ல வேண்டும் என்பதை இது நிர்ணயிக்கிறது. சமையலில் உப்பைப் போன்றது.

இரண்டாவது, வெண்மையின் எல்லையும் கருமையின் எல்லையும். படத்தில் முழு வெள்ளை எது, முழுக் கறுப்பு எது என்று இவை சொல்கின்றன. இவற்றை முதலில் அமைத்துக்கொண்டால் பின்னர் வரும் வேலை எளிதாகும். கருமை ஓரிடத்திலேனும் இல்லாத படம் சாம்பல் பூத்தது போல் உயிரற்றுத் தோன்றும்.

மூன்றாவது, ஒளிமிகு பகுதியும் நிழற்பகுதியும். முன்னதைச் சற்றே தாழ்த்தினால் வானத்தின் மேகம் திரும்ப வரும். பின்னதைச் சற்றே உயர்த்தினால் தூணின் சிற்பம் தெரியும். அளவுக்கு மீறி நிழலை உயர்த்தினால் இருளில் ஒளிந்திருந்த புள்ளிச் சிதறல் மணல் கொட்டியது போல் மேலே வரும்.

நான்காவது, நுண்விவரம். அருகருகே உள்ள சிறு பகுதிகளின் ஒளி வேற்றுமையைப் பெருக்கிக் காட்டுவது இது. கருங்கல்லுக்கு இது நல்லது, முகத்துக்கு ஆகாது. பாட்டியின் முகத்தில் இதைக் கூட்டினால் சுருக்கங்கள் உழுத நிலம்போல் ஆகிவிடும். இதை மிகைப்படுத்துவதால் விளையும் இன்னொரு தீங்கு, கோபுரத்துக்கும் வானத்துக்கும் இடையே தோன்றும் வெள்ளை ஒளிவட்டம். கார்லாப் படத்தில் தூண்களைச் சுற்றி வந்த கோடு அதுவே. திருத்தம் மிகையாகிவிட்டதா என்று அறிய, கரிய பொருளும் வெளிய வானமும் சந்திக்கும் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

ஐந்தாவது, நிறச்செறிவு. இதை எப்போதும் கடைசியில் தொடுவதே நல்லது. ஒளி நிழலைச் சீர்செய்யும்போதே நிறங்கள் தாமாகவே சற்று அழுத்தம் பெற்றுவிடும்.

ஆறாவது, நிறச் சமநிலை. நம் வீட்டுக் குத்துவிளக்கின் ஒளி பொன்னிறமானது. மென்பொருள் அதைக் குறையென்று கருதி வெண்மையாக்க முயலும். கார்த்திகை தீபத்தன்று எடுத்த படம் பகலில் எடுத்தது போலாகிவிடும். அவ்விடத்தில் தானியங்கி அமைப்பை நிறுத்திவிட்டு, மஞ்சளை மஞ்சளாகவே விட்டுவிட வேண்டும்.

மேலும் ஒரு சொல். மூன்று படம் எடுப்பதற்குள் குழந்தை ஓடிவிட்டால், சேர்த்த படத்தில் பாதி தெரியும் ஆவியுருப் போல் அது தோன்றும். இதை நீக்கும் வசதி மென்பொருளில் உண்டு. கூட்டத்தில் ஒரே படமாக எடுப்பதே மேல். முக்காலி வைத்து எடுத்தால் படங்கள் நன்கு பொருந்தும். ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இத்தனைக் கட்டைகளை நகர்த்த எல்லோருக்கும் பொறுமை இராது. அதற்காகவே முன்னமைப்புகள் இருக்கின்றன. பிரீசெட் என்று இளைஞர்கள் சொல்வது இதையே. எல்லாக் கட்டைகளின் அளவையும் முன்கூட்டியே அமைத்து, ஒரு பெயர் கொடுத்து வைத்திருப்பார்கள். ஃபோட்டோமேட்டிக்ஸ் என்னும் மென்பொருளில் இயற்கையானது, ஓவியம் போன்றது, கனவுலகு போன்றது என்ற பொருளில் பெயர்கள் இருக்கும். ஒரு தொடுகையில் படம் முழுவதும் மாறிவிடும். இது சௌகரியமே, நான் மறுக்கவில்லை. ஆனால் முன்னமைப்பு என்பது என்ன? நம் காட்சியைக் கண்டிராத ஒருவர், வேறொரு நாட்டில், வேறொரு ஒளியில் எடுத்த தம் படத்துக்காகச் செய்துகொண்ட தீர்மானம்.

இதை விளக்க லுமினன்ஸ் எச்.டி.ஆர். என்னும் இலவச மென்பொருளைச் சொல்லலாம். அதில் ஒளியைச் சுருக்கும் முறைகள் பல இருக்கின்றன. அவற்றின் பெயர்களோ ரெய்ன்ஹார்டு, டிராகோ, ஃபட்டால், மான்டியுக், பட்டநாயக் என்று மனிதர்களின் பெயர்களாகவே இருக்கின்றன. அம்முறைகளை ஆராய்ந்து கண்ட அறிஞர்கள் அவர்கள். பட்டநாயக் நம் நாட்டவர். ஒரே படத்தை இம்முறைகளில் ஒவ்வொன்றிலும் இட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வரும். எது சரி? எல்லாம் சரிதான்; எல்லாம் ஒவ்வொருவர் கண். மற்ற மென்பொருள்களில் அந்த மனிதரின் பெயரை மறைத்துவிட்டு 'தானியங்கி' என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வளவே வேற்றுமை.

இசை அறிந்த தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்கள். சுருதிப் பெட்டியை முந்தைய பாடகர் ஒரு கட்டையில் வைத்துவிட்டுப் போயிருப்பார். அடுத்துப் பாடுபவர் அதே சுருதியில் தொடங்குவாரா? தம் குரலுக்கு ஏற்றவாறு திருப்பிக்கொண்ட பிறகே வாய் திறப்பார். அமெரிக்காவின் புகழ்பெற்ற படக்கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் இளமையில் பியானோ பயின்றவர். நெகடிவை இசைக் குறிப்புக்கும், அதிலிருந்து அச்சிடும் படத்தைக் கச்சேரிக்கும் அவர் ஒப்பிட்டார். குறிப்பு ஒன்றே, பாடுபவர் பொறுப்பு வேறு. முன்னமைப்பைத் தொடுவது தவறன்று. தொட்டதோடு நின்றுவிடுவதுதான் தவறு.

இரயில்வேயிலும் இதே நியாயம் உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் வண்டி எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று முன்பே நிர்ணயம் செய்து அச்சிட்டிருக்கிறார்கள். ஆயினும் அன்றைய பாதையில் வேலை நடந்தால், ஓட்டுநர் கையில் எச்சரிக்கை உத்தரவு ஒன்று கொடுக்கப்படும். அச்சிட்ட வேகத்தைவிட அன்றைய உத்தரவுக்கே மதிப்பு அதிகம். படத்துக்கு எச்சரிக்கை உத்தரவு, அன்றைய காட்சியை நேரில் கண்ட உங்கள் கண்.

சபையோர்களே, இதுவரை கல்லையும் வானத்தையும் பற்றிப் பேசினேன். இனிச் சொல்லப்போவது மனிதரைப் பற்றியது. இதற்காகவே நான் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

நம் காலனியில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் நடந்தது. ஆல்பம் அழகிய அட்டையோடு வந்தது. அதில் ஒரு பிரதி திருநெல்வேலிச் சீமையிலுள்ள பாட்டிக்கு அனுப்பப்பட்டது. முதுமையால் அவர் திருமணத்துக்கு வர இயலவில்லை. சில நாட்கள் கழித்துப் பாட்டி தொலைபேசியில் கேட்டாராம்: "படமெல்லாம் வந்துச்சும்மா. நம்ம பிள்ளை படம் எதுலயும் இல்லையே?" மணமேடையில் இருந்தது பேத்திதான். மாநிறமான அந்தப் பெண்ணின் முகத்தைச் சுண்ணாம்பு நிறமாக்கி, கன்னத்து மச்சத்தையும் துடைத்துவிட்டிருந்தார்கள். எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததன்று. மணப்பெண் படத்துக்கு என்று ஒரு முன்னமைப்பு இருந்தது. எல்லா மணப்பெண்களுக்கும் அதையே போட்டார்கள். இந்தப் பெண்ணுக்கும் போட்டார்கள். பாட்டிக்குத் தெரிந்த முகம் அந்த ஆல்பத்தில் இல்லை.

இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. வண்ணப் படங்களை அச்சிடும் நிலையங்களுக்கு, நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, 1950-கள் தொடங்கிக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பிவந்தது. அதில் வெள்ளை நிறப் பெண் ஒருத்தி இருப்பாள். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கறுத்த முகம் எப்படி வந்தது என்று பார்க்க நீண்ட காலம் அட்டையே இல்லை. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் இதை விரிவாக எழுதினார். 2021-இல் கூகுள் நிறுவனம் பல நிறத்து மாந்தரின் முகமும் உள்ளபடி விழ வேண்டும் என்று தன் கைப்பேசிக் காமிராவின் அமைப்பைத் திருத்தியதாக அறிவித்தது. ஆக, அளவுகோல் யார் முகத்தை வைத்துச் செய்யப்பட்டது என்பது சிறிய விஷயமன்று. மாநிறமும் கறுப்பும் இருட்டு அல்ல. அவற்றை வெளிச்சம்போட்டு நீக்க வேண்டியதில்லை. நம் பெண் குழந்தை தன் படத்தைத் தானே வெளுப்பாக்கிக்கொண்டு மகிழ்கிறதென்றால், 'இருக்கிறபடி இருந்தால் போதாது' என்று ஒரு பொத்தான் அதற்குக் கற்பித்துவிட்டது என்று பொருள். நாம் விழித்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

அப்படியானால் திருத்தவே கூடாதா என்று கேட்கலாம். வெயிலில் நின்று எடுத்த படத்தில் முகம் நிழலில் மறைந்திருந்தால் நிழற்பகுதியைச் சற்று உயர்த்துவது நியாயம். நேரில் பார்த்தபோது அந்த முகம் நமக்குத் தெரிந்தது அல்லவா? கண்ணுக்குத் தெரிந்ததைக் காமிரா விட்டுவிட்டால் மீட்டுத் தருவது திருத்தம். கண்ணுக்குத் தெரியாததைப் புகுத்துவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள கோட்டை எந்த மென்பொருளும் போட்டுத் தராது.

குமாஸ்தா வேலையில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. பதிவேட்டில் எழுதியதைச் சுரண்டி அழித்து, அதன்மேல் எழுதலாகாது. திருத்த வேண்டுமானால் பழைய எழுத்து படிக்கும்படியாக ஒரு கோடு போட்டு, புதியதை அருகே எழுதி, கையொப்பமிட வேண்டும். நாளை ஒருவர் வந்து பார்த்தால் முன்பு இருந்ததும் தெரிய வேண்டும். மாற்றியவர் யார் என்பதும் தெரிய வேண்டும். படத்துக்கும் இவ்விதியையே சொல்வேன். மூலப் படத்தை ஒருபோதும் அழிக்கலாகாது. திருத்திய படத்தைத் தனிப் பெயரில் சேமித்து வைக்க வேண்டும். இன்று அழகாகத் தோன்றும் பாணி பத்தாண்டு கழிந்தால் பழசாகிவிடும். மூலப் படம் இருந்தால் பேரப்பிள்ளைகள் தங்கள் கண்ணால் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

நடைமுறைக்கு உதவும் சிலவற்றைத் தொகுத்துச் சொல்லி முடிக்கிறேன். முன்னமைப்பைப் பயன்படுத்துங்கள், ஆனால் மிக மென்மையானதைத் தேர்ந்து, அதன் வலிமையையும் பாதியாகக் குறைத்துத் தொடங்குங்கள். வெயிலுக்கு அமைந்ததை விளக்கொளிக்குப் போடாதீர்கள். நீங்களே பல முறை செய்து பார்த்துத் திருப்தியான அளவுகளை 'மாலை வெயில்', 'மண்டபம்', 'விளக்கொளி' என்று உங்கள் பெயரிட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். அப்போது அது உங்கள் முன்னமைப்பாகும். கைப்பேசித் திரையின் வெளிச்சத்தை நடுத்தரமாக வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். முழு வெளிச்சத்தில் திருத்திய படம் அச்சில் இருண்டுவிடும். திருத்தி முடித்ததும் உடனே அனுப்பாமல் ஒரு இரவு கழியட்டும். காலையில் மூலப் படத்தையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வலிமையை இன்னும் சிறிது குறைக்கவே கை போகும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது வெளிச்சத்துக்கும் பொருந்தும்.

மேலும், ஒருவர் முகத்தைத் திருத்துமுன் அவரைக் கேளுங்கள். பாட்டியின் முகச்சுருக்கத்தை நீக்குமுன் பாட்டியைக் கேளுங்கள். மச்சத்தைத் துடைக்குமுன் அதற்கு உரியவரைக் கேளுங்கள். கேட்டால் "இருக்கட்டும், விடு" என்று சொல்பவர்களே நம் குடும்பங்களில் அதிகம் என்று நான் நம்புகிறேன்.

நாம் பிறந்த ஊரைவிட்டு வந்து வாழ்பவர்கள். நம் பிள்ளைகளுக்குத் தாத்தா வீட்டுத் திண்ணையும், குலதெய்வத்தின் கோயிலும், பெரியம்மாவின் முகமும் பல வேளைகளில் படமாகத்தான் கிடைக்கின்றன. திண்ணையில் எப்போதும் அரையிருட்டு இருந்தது. அந்த அரையிருட்டும் வீட்டைச் சேர்ந்ததே. கருவறையில் ஒற்றை விளக்குதான் எரிந்தது. சுற்றியிருந்த இருளும் வழிபாட்டைச் சேர்ந்ததே. அவற்றையெல்லாம் பகல் வெளிச்சமாக்கிக் கொடுத்தால், ஒருநாள் பிள்ளைகள் அங்கே நேரில் போய் நிற்கும்போது அவ்விடம் அவர்களுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும். பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் படம் ஊரைக் காட்ட வேண்டும். மென்பொருளின் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டிய அவசியமில்லை.

அடுத்த ஆண்டு மலருக்குப் படம் அனுப்பும் அன்பர்கள் திருத்திய படத்தோடு மூலப் படத்தையும் சேர்த்து அனுப்பிவைக்குமாறு பணிவோடு வேண்டுகிறேன். இரண்டையும் சங்கத்தின் பெட்டகத்தில் ஊர், நாள், எடுத்தவர் பெயர் எழுதிப் பாதுகாப்போம். விருப்பமுள்ள பிள்ளைகள் ஞாயிறு மாலையில் சங்க அறைக்கு வந்தால், எனக்குத் தெரிந்த சிறிதளவைச் சொல்லித் தரவும், அவர்களுக்குத் தெரிந்த பெரிதளவைக் கற்றுக்கொள்ளவும் காத்திருக்கிறேன்.